கணினி இயக்கும் கிறிஸ்துமஸ் விளக்குகளில் மின்கோளாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியில் கார்த்திகை முடியும் தறுவாயில் வீட்டு மாடிகளிலும் மாதா கோயில் முகப்புகளிலும் நட்சத்திரம் கட்டத் தொடங்கிவிடுவார்கள். அந்த நட்சத்திரங்களில் பல இப்போது பாட்டுக்கு ஏற்ப நிறம் மாறும் பிக்சல் விளக்குகளாகிவிட்டன. எங்கள் பங்குக் கோயிலில் இயேசு பிறப்பைக் காட்டும் குடிலுக்கு விளக்கு அமைப்பவன் நான். நெல்லித்தோப்பு, அரியாங்குப்பம், கடலூர் மஞ்சக்குப்பம் என்று பல இடங்களிலிருந்தும் டிசம்பரில் என்னை அழைத்துக் கேட்பவர்களின் சந்தேகங்கள் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதால், அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

நான் மனத்தில் வைத்திருக்கும் அமைப்பு இதுதான்: 5 அல்லது 12 வோல்ட்டில் எரியும் டபிள்யூ.எஸ். 2811 வகைப் பிக்சல்கள், 230 வோல்ட்டைக் குறைத்து அவற்றுக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ்., அவற்றுக்கு நிறச் செய்தி அனுப்பும் இ.எஸ்.பி. 32 போன்ற ஒரு கன்ட்ரோலர், எக்ஸ்லைட்ஸ் மென்பொருளில் உருவாக்கிய காட்சியை ஓட்டும் மடிக்கணினி அல்லது ராஸ்பெரி பை என்ற கையளவுக் கணினி. 230 வோல்ட் பக்கத்தில் கை வைக்க வேண்டியவர் உரிமம் பெற்ற மின்பணியாளர். அந்தப் பக்கத்தைப் பற்றி இங்கே எழுதியிருப்பது, என்ன நடக்கிறது என்பதை நீங்கள் புரிந்துகொண்டு அவரிடம் சரியாகச் சொல்வதற்காக.

அண்ணா, இதுவும் சீரியல் லைட்தானே? ஒரு பல்பு போனால் எல்லாமே அணைந்துவிடுமா?

பழைய சீரியல் லைட்டில் 230 வோல்ட் மின்சாரமே ஒவ்வொரு பல்பாக நுழைந்து வெளியேறும். ஆகவே ஓர் இழை அறுந்தால் அந்தத் தொடர் முழுவதும் அணையும். பிக்சல் விளக்கில் மூன்று வயர்கள் உண்டு. பிளஸ், மைனஸ் இரண்டும் எல்லா விளக்குகளுக்கும் பொதுவாக ஓடுகின்றன. மூன்றாவதான டேட்டா வயர் மட்டும், எந்த நிறத்தில் எரிய வேண்டும் என்ற செய்தியோடு, ஒரு விளக்கிலிருந்து அடுத்த விளக்குக்குக் கைமாறிச் செல்கிறது. வகுப்பில் முன்வரிசைப் பிள்ளை தன் நோட்டை எடுத்துக்கொண்டு மீதிக் கட்டைப் பின்னால் தள்ளுவதைப்போல, ஒவ்வொரு பிக்சலும் தனக்கு வரும் செய்தியில் முதல் 24 பிட்டுகளைத் தனக்கென எடுத்துக்கொண்டு எஞ்சியதை அனுப்பிவிடுகிறது.

எனவே இங்கே கோளாறுகள் இருவகை: மின்சாரம் போதாதது ஒன்று, செய்தி போகாதது மற்றொன்று. மின்சாரம் போதாவிட்டால் விளக்குகள் படிப்படியாக மங்கும். செய்தி போகாவிட்டால் ஓரிடத்தில் வெட்டினாற்போல நின்றுவிடும். இந்த வேறுபாடு கண்ணுக்குப் பழகிவிட்டால் பாதி நேரம் மிச்சம்.

ஒன்றுமே எரியவில்லை. எங்கிருந்து பார்க்கத் தொடங்க வேண்டும்?

கணினியை மூடி வையுங்கள். பெரும்பாலோர் மென்பொருளைத்தான் முதலில் கிளறுகிறார்கள். அங்கே தொடங்கினால் விடிந்துவிடும். எஸ்.எம்.பி.எஸ். வெளியேற்றும் முனையில் 12 அல்லது 5 வோல்ட் இருக்கிறதா என்பதை மல்டிமீட்டரால் பாருங்கள். அடுத்து அதே மின்னழுத்தம் கன்ட்ரோலரின் முனையிலும், பிறகு முதல் பிக்சலின் வயரிலும் வருகிறதா என்று பாருங்கள். மூன்று இடத்திலும் வருகிறதென்றால், கன்ட்ரோலரிலேயே இருக்கும் சோதனைக் காட்சியை இயக்குங்கள். அது எரிந்தால் மட்டுமே கணினியின் மீது சந்தேகப்படலாம். எரியாவிட்டால் தொடர் திருப்பிக் கட்டப்பட்டிருக்கலாம்: டேட்டா ஒரு முனையில் மட்டுமே நுழையும், வெளியேறும் முனையில் இணைத்தால் ஒரு விளக்குகூட எரியாது. தொடரில் அச்சிட்டிருக்கும் அம்புக்குறி கன்ட்ரோலரிலிருந்து விலகிப்போகும் திசையைக் காட்ட வேண்டும்.

அதன் பிறகும் புலப்படாவிட்டால், கீழே அடிக்கடி வரப்போகும் ஒரு சோதனையைச் செய்யுங்கள். நன்றாக எரியும் இன்னொரு தொடரையும் எரியாத தொடரையும் இடம் மாற்றி இணையுங்கள். பழுது அதே இடத்தில் நின்றால் குற்றம் கன்ட்ரோலரிலோ அதுவரை வரும் வயரிலோ இருக்கிறது. தொடரோடு சேர்ந்து பழுதும் இடம் மாறினால் குற்றம் தொடரில். இதை இடமாற்றச் சோதனை என்று சொல்லிக்கொள்வோம். மின்சாரத்தை அணைத்துவிட்டுத்தான் இணைப்பைக் கழற்றவும் மாட்டவும் வேண்டும். ஓடும்போது மாட்டினால் மைனஸ் பிடிப்பதற்கு முன் பிளஸ் பிடித்து, மின்சாரம் டேட்டா வயர் வழியாகத் திரும்பி, முதல் பிக்சலையோ கன்ட்ரோலரையோ சுட்டுவிடக்கூடும்.

என்னிடம் டெஸ்டர் இருக்கிறது. மல்டிமீட்டர் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

வாங்கித்தான் ஆக வேண்டும். நியான் டெஸ்டர் 12 வோல்ட்டைக் காட்டவே காட்டாது. 230 வோல்ட் பக்கத்திலும் அது மின்சாரம் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லும், எவ்வளவு என்பதைச் சொல்லாது. போதாததற்கு, அருகில் ஓடும் வயரின் தூண்டலாலும் மங்கலாக எரிந்து ஏமாற்றும். சாதாரண மல்டிமீட்டரே போதும்.

முதல் இருபது விளக்கு எரிகிறது, இருபத்தொன்றிலிருந்து இருட்டு. இருபத்தொன்றாவது விளக்கை மாற்றினேன், அப்படியே இருக்கிறது.

செய்தி இருபதாவது விளக்கின் வெளியேறும் முனையிலோ, இருபத்தொன்றாவதன் நுழையும் முனையிலோ, இரண்டுக்கும் இடைப்பட்ட வயரிலோ நின்றிருக்கிறது. இருபதாவது விளக்கு எரிவதால் அது நல்ல விளக்கு என்று நம்பிவிடுகிறோம்; தனக்குரியதை எடுத்து எரிந்துகொண்டே அடுத்ததற்கு ஒன்றும் அனுப்பாத பிக்சல்கள் உண்டு. ஆகவே எரியும் கடைசி விளக்கையும் எரியாத முதல் விளக்கையும் சேர்த்தே வெட்டி எடுத்து, இரண்டு புதியவற்றை வையுங்கள்.

மழைக்குப் பிறகு இப்படி நின்றால், பிளஸ் வயர் டேட்டாவோடு உரசியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். 12 வோல்ட் பிக்சலிலும் டேட்டா 5 வோல்ட் அளவில்தான் ஓடுகிறது. அதில் 12 வோல்ட் ஏறினால் பிக்சலுக்குள் இருக்கும் சில்லு அப்போதே போய்விடும். காரணத்தைச் சரிசெய்யாமல் விளக்கை மட்டும் மாற்றினால் புதியதும் அன்றிரவே போகும்.

வெள்ளை நிறம் போட்டால் ஆரம்பத்தில் வெள்ளையாக இருக்கிறது, போகப்போக மஞ்சளாகி, கடைசியில் சிவப்பாகிவிடுகிறது. விளக்கு மட்டமானதா?

விளக்கில் குறையில்லை, வயரில் இருக்கிறது. சிவப்பு எல்.இ.டி. எரிய ஏறத்தாழ 2 வோல்ட் போதும். பச்சைக்கும் நீலத்துக்கும் 3 வோல்ட் அளவில் வேண்டும். தொடரின் கடைசியில் மின்னழுத்தம் குறையக் குறைய நீலமும் பச்சையும் சோர்ந்துபோக, சிவப்பு மட்டும் எஞ்சுகிறது. 5 வோல்ட் அமைப்பில் இது மிக வெளிப்படையாகத் தெரியும்.

கணக்கு எளியது. ஒரு பிக்சல் முழு வெள்ளையில் 0.05 முதல் 0.06 ஆம்பியர் வரை இழுக்கிறது; 50 பிக்சல் என்றால் 3 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 19.5 ஓம் தடை உண்டு. எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தொடர் 10 மீட்டர் தள்ளி இருந்தால், போக வர 20 மீட்டர், அதாவது 0.39 ஓம். 3 ஆம்பியர் ஓடும்போது அந்த வயரே 1.17 வோல்ட்டை விழுங்கிவிடும். 12 வோல்ட்டில் 10.8 மீதம் இருக்கும், விளக்கு சமாளித்துக்கொள்ளும். 5 வோல்ட்டில் 3.8தான் மிஞ்சும்; முதல் விளக்கிலேயே நிறம் கெட ஆரம்பிக்கும். அதே தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் இழப்பு அரை வோல்ட்டுக்குள் அடங்கும்.

ஆகவே எஸ்.எம்.பி.எஸ்.ஸை விளக்குக்கு அருகில் கொண்டுபோங்கள், அல்லது தடித்த வயர் போடுங்கள், அல்லது தொடரின் நடுவிலும் கடைசியிலும் தனி வயர் இழுத்து மறுபடி மின்சாரம் கொடுங்கள். அளக்கும்போது எல்லா விளக்குகளையும் முழு வெள்ளையில் எரியவிட்டு, கடைசி விளக்கின் முனையில் அளக்க வேண்டும். அணைந்திருக்கும்போது அளந்தால் எல்லா இடத்திலும் 12 காட்டும். அந்த அளவு யாருக்கும் பயன்படாது.

வயர் வாங்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய வயர் மலிவாகக் கிடைக்கிறது. அதன் தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். உப்புக்காற்றில் சீக்கிரம் அரித்தும் போகும். ஓர் இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள்: வெளியே சிவந்தும் உள்ளே வெளுத்தும் இருந்தால் அதுதான். வெளியே வெள்ளையாகவும் உள்ளே சிவப்பாகவும் இருந்தால் ஈயம் பூசிய செம்பு, தாராளமாக வாங்கலாம்.

நடுவில் மறுபடி மின்சாரம் கொடுக்க இரண்டாவது எஸ்.எம்.பி.எஸ். போட்டேன். இப்போது அதற்குப் பிறகுள்ள விளக்கெல்லாம் கண்டபடி நிறம் காட்டுகிறது. ஏன்?

இரண்டு எஸ்.எம்.பி.எஸ்.களின் மைனஸையும் நீங்கள் ஒன்றாக இணைத்திருக்க மாட்டீர்கள். டேட்டா வயரில் ஓடும் 5 வோல்ட் என்பது மைனஸை அடிமட்டமாகக் கொண்ட அளவு. அடிமட்டம் இரண்டாக இருந்தால் அடுத்த பிக்சலுக்கு அந்த அளவே விளங்காது. மைனஸ் எல்லாம் ஒன்றாகச் சேர வேண்டும்.

பிளஸ் சேரக்கூடாது. இரண்டாவது எஸ்.எம்.பி.எஸ். எந்த இடத்தில் தொடங்குகிறதோ அந்த இடத்தில் தொடரின் பிளஸ் வயரை வெட்டிவிடுங்கள். மைனஸும் டேட்டாவும் மட்டும் தொடரட்டும். இரண்டு எஸ்.எம்.பி.எஸ்.களின் வோல்ட் அணுவளவும் பிசகாமல் ஒன்றாக இருப்பதில்லை என்பதால், பிளஸைச் சேர்த்தால் அதிக வோல்ட் தருவது முழுச் சுமையையும் தாங்கித் தவிக்கும். ஒரே எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்தே நடுவில் வயர் கொடுப்பதாக இருந்தால் பிளஸை வெட்ட வேண்டியதில்லை.

மைனஸ் எல்லாம் சேர்த்தாயிற்று. ஆனாலும் விளக்குகள் அவ்வப்போது தாமாகவே மினுக்குகின்றன. வீட்டில் சோதித்தபோது நன்றாக இருந்தது.

வீட்டில் மேசைமேல் கன்ட்ரோலருக்கும் முதல் விளக்குக்கும் இடையே அரை மீட்டர் இருந்திருக்கும். கோயில் முகப்பில் எட்டு மீட்டர் ஆகியிருக்கும். 5 வோல்ட்டில் ஓடும் பிக்சல் சில்லு, தன் மின்னழுத்தத்தில் 70 விழுக்காடு, அதாவது 3.5 வோல்ட் வந்தால்தான் அதை 'ஒன்று' என்று ஏற்கும். இ.எஸ்.பி. 32 கன்ட்ரோலர் தருவதோ 3.3 வோல்ட். விதிப்படி பார்த்தால் அது வேலையே செய்யக்கூடாது. குறைந்த தூரத்தில் எப்படியோ ஓடுவதால் நாம் அதை நம்பிவிடுகிறோம். 74 ஏ.எச்.சி.டி. 125 என்ற சிறு சில்லு 3.3 வோல்ட்டை 5 வோல்ட்டாக உயர்த்தித் தரும். பிக்சலுக்கென்றே செய்த நல்ல கன்ட்ரோலர்களில் இது போன்ற ஒன்று உள்ளேயே இருக்கும்.

டேட்டா வயரின் தொடக்கத்தில் 33 முதல் 470 ஓம் வரையிலான ஒரு ரெசிஸ்டரை (மின்தடை) தொடராக வைப்பதும் நல்லது; வயரின் முனையில் மோதித் திரும்பும் அலையை அது அடக்கும். தூரம் ஐந்தாறு மீட்டரைத் தாண்டினால் வழியில் ஒரு பிக்சலை வைத்து, அதை எப்போதும் கறுப்பாகவே விடுங்கள். ஒவ்வொரு பிக்சலும் செய்தியைப் புதுப்பித்தே அனுப்புவதால் அது தபால்காரரைப்போல வேலை செய்யும். அதைவிட அதிகத் தூரத்துக்கு நெட்வொர்க் கேபிளில் இரட்டை வயராகச் சமிக்ஞையை அனுப்பும் கருவிகள் கிடைக்கின்றன. டேட்டா வயரையும் 230 வோல்ட் வயரையும் ஒரே கட்டாகக் கட்டாதீர்கள்.

சரியாக 171வது விளக்கிலிருந்து எல்லாம் தப்பாக எரிகிறது. அங்கே வயரை மூன்று முறை மாற்றிவிட்டேன்.

வயரை விட்டுவிடுங்கள். நெட்வொர்க் வழியாக விளக்குச் செய்தி அனுப்பும் இ 1.31 முறையில் ஒரு 'யுனிவர்ஸ்' என்பது 512 சேனல்; ஒரு நிறத்தின் அளவைச் சொல்வது ஒரு சேனல். ஒரு பிக்சலுக்கு மூன்று வீதம் 170 பிக்சல் போக இரண்டு சேனல் எஞ்சும். 171வது விளக்கில் தொடங்கும் கோளாறு பெரும்பாலும் அடுத்த யுனிவர்ஸின் எண்ணைக் கணினியிலும் கன்ட்ரோலரிலும் வேறுவேறாகக் குறித்ததால் வருவது. சிவப்பு கேட்டால் பச்சை எரிவதும் இப்படித்தான்: நிற வரிசையை அமைப்புகளில் மாற்றினால் தீரும்.

இன்னோர் அடையாளமும் உண்டு. எல்லாத் தொடர்களும் ஒரே நேரத்தில் உறைந்து நின்று பிறகு துள்ளினால், குற்றம் வைஃபையில், கேபிள் போடுங்கள். ஒரு தொடர் மட்டும், அதிலும் ஓரிடத்துக்குப் பிறகு மட்டும் துடித்தால், குற்றம் முந்தைய பதிலில் சொன்ன வகை.

மொபைலில் வீடியோ எடுத்தால் கோடு கோடாக ஓடுகிறதே, மின்சாரம் நிலையாக இல்லையா?

மின்சாரத்தில் குறையில்லை. பிக்சல் தன் வெளிச்சத்தைக் குறைப்பது நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அணைந்து எரிவதன் மூலமே. கேமராவின் வேகம் அதோடு ஒத்துப்போகாதபோது கோடுகள் தெரியும். ஷட்டர் வேகத்தை நொடியில் 50இல் ஒரு பங்காக வைத்தால் பெரும்பாலும் மறையும்.

12 வோல்ட்தானே, அதற்கு எதற்கு ஃப்யூஸ்?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் கோபப்படுவேன். 12 வோல்ட் ஷாக் அடிக்காது; ஆனால் தீப்பிடிக்க வைக்கும். 360 வாட் எஸ்.எம்.பி.எஸ். 30 ஆம்பியர் தரவல்லது. கடைசியில் ஒரு வயர் நசுங்கிப் பாதி ஷார்ட் ஆனால், எஸ்.எம்.பி.எஸ். அதை ஒரு பெரிய சுமை என்றே எண்ணித் தன்னால் முடிந்ததையெல்லாம் அந்த மெல்லிய வயருக்குள் தள்ளும். மின்சாரம் அளவுமீறினால் தானே விழும் வீட்டு ஸ்விட்சான எம்.சி.பி. விழாது, அதன் கணக்கில் இது 230 வோல்ட்டில் ஒன்றரை ஆம்பியர் கூடுதல், அவ்வளவே. வயர் சிவந்து உருகும். நாம் விளக்குக் கட்டுவது குடிலில். குடிலில் இருப்பது வைக்கோல்.

ஒவ்வொரு தொடருக்கும் தனியாக 5 ஆம்பியர் தட்டை ஃப்யூஸ் போடுங்கள். கார், பைக் உதிரிபாகக் கடையில் கிடைப்பதே போதும். ஃப்யூஸ் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு அருகில் இருக்க வேண்டும், விளக்குக்கு அருகில் அல்ல. பாதுகாக்கப்பட வேண்டியது வயர்.

மழை தூறினாலே ஆர்.சி.சி.பி. விழுகிறது. எந்தப் பிக்சலில் தண்ணீர் போயிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பிக்சலில் தேடாதீர்கள். ஆர்.சி.சி.பி. என்பது 230 வோல்ட் வயரில் போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமா என்று பார்க்கும் கருவி. வித்தியாசம் வந்தால் அது எங்கோ பூமிக்குள் கசிகிறது என்று பொருள். 12 வோல்ட் பக்கம் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரால் பிரிக்கப்பட்டிருப்பதால், பிக்சல் தண்ணீரில் மூழ்கினாலும் ஆர்.சி.சி.பி.க்குத் தெரியாது. அது விழுகிறதென்றால் ஈரம் 230 வோல்ட் பக்கத்தில் இருக்கிறது: தரையில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பெட்டி, டேப் சுற்றிய வயர் இணைப்பு, எஸ்.எம்.பி.எஸ். பெட்டி, அல்லது நட்சத்திரத்துக்குள் இருக்கும் பழைய சீரியல் லைட். கடைசியாகச் சொன்னதை நான் முதலில் பார்ப்பேன்.

மற்றொரு காரணமும் சேர்ந்துகொள்ளும். நல்ல நிலையில் இருக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸே உள்ளே மின் இரைச்சலை வடிகட்டும் கெப்பாசிட்டர் வழியாக ஒரு மில்லிஆம்பியர் அளவில் எர்த்துக்குக் கசியவிடுவது இயல்பு. 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. 15க்கு மேல் எப்போது வேண்டுமானாலும் விழலாம், 30க்குள் விழுந்தே தீர வேண்டும். பத்து எஸ்.எம்.பி.எஸ்.களை ஒன்றின் கீழே கட்டினால் வறண்ட நாளிலேயே 10 மில்லிஆம்பியர் செலவாகிவிடும். மார்கழிப் பனி மீதியைக் கவனித்துக்கொள்ளும். விளக்குகளை இரண்டு மூன்று ஆர்.சி.சி.பி.களுக்குப் பிரித்துக் கொடுக்கும்படி மின்பணியாளரிடம் கேளுங்கள். பழுதைக் கண்டுபிடிக்க, எல்லாப் பிளக்கையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாக மாட்டுங்கள். எதை மாட்டும்போது விழுகிறதோ, அதை மட்டும் தனியாக மாட்டியும் பாருங்கள். தனியாகவும் விழுந்தால் பழுது அதில். தனியாக விழாவிட்டால் அது கூட்டுக் கசிவு.

ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி நேராக இணைப்புக் கொடுத்தால் விழாது என்று யோசனை சொல்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் வருகிறார்கள். ஈர மண்ணில் வெறுங்காலுடன் குழந்தைகள் குடில் பார்க்க வருவார்கள் என்பதை அவர்களிடம் சொல்லுங்கள்.

மழையே இல்லை, ஈரமும் இல்லை. ஸ்விட்சைப் போட்ட நொடியிலேயே விழுகிறது. எல்லாம் புதிது.

விழுவது எம்.சி.பி.யா ஆர்.சி.சி.பி.யா என்று பாருங்கள். எம்.சி.பி. என்றால், எல்லா எஸ்.எம்.பி.எஸ்.களும் ஒரே நொடியில் உயிர்பெற்று, காலியாக இருக்கும் தங்கள் கெப்பாசிட்டர்களை நிரப்பப் பாய்ந்து இழுக்கின்றன. அந்தப் பாய்ச்சல் சில மில்லிநொடிகளே நீடித்தாலும், 'பி' வகை எம்.சி.பி. தன் அளவில் மூன்று முதல் ஐந்து மடங்கிலேயே விழுந்துவிடும். 'சி' வகை ஐந்து முதல் பத்து மடங்கு வரை பொறுக்கும். வகையை மாற்றலாமா என்பதை மின்பணியாளர் முடிவு செய்யட்டும்; அதுவரை ஒவ்வொரு ஸ்விட்சாக, இடைவெளிவிட்டுப் போடுங்கள்.

ஆர்.சி.சி.பி. விழுகிறதென்றால் நியூட்ரலை, அதாவது மின்சாரம் திரும்பும் வயரை, சந்தேகியுங்கள். கோயில் வளாகத்தில் மின்சாரம் வரும் ஃபேஸை ஓரிடத்திலிருந்தும் நியூட்ரலைக் கைக்கெட்டிய இன்னொரு போர்டிலிருந்தும் எடுத்திருப்பார்கள். திரும்பும் மின்சாரம் வேறு வழியில் போனால், கசிவே இல்லாவிட்டாலும் ஆர்.சி.சி.பி. நிற்காது. எர்த் வயரையே நியூட்ரலாக்கிக்கொள்ளும் வழக்கத்துக்கும் இதுவே விளைவு, ஆர்.சி.சி.பி. இல்லாத இடத்திலோ விளைவு அதைவிடக் கொடியது.

இணைப்பில் நன்றாக டேப் சுற்றியிருந்தேன். பிரித்துப் பார்த்தால் பச்சையாக இருக்கிறது.

அது களிம்பு. செம்பும் ஈரமும் உப்புக்காற்றும் சேர்ந்தால் நம் கடற்கரையில் அதைத் தவிர்க்க முடியாது. இன்சுலேஷன் டேப் மின்சாரத்தைத் தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது. உள்ளே புகுந்த ஈரத்தை வெளியேறவிடாமல் பிடித்தும் வைத்துக்கொள்ளும். ஓர் ஆண்டு டிசம்பர் 23 இரவு, மூன்று மணிநேரம் கன்ட்ரோலரை மாற்றி, கேபிளை மாற்றி, மென்பொருளைத் திரும்ப நிறுவிய பிறகு, நானே சுற்றிய டேப்பின் அடியில்தான் இந்தப் பச்சையைக் கண்டேன். கடைசி விளக்கில் மீட்டரை வைத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

இணைப்பை ஈயப்பற்று வைத்து, உள்ளே பசையுள்ள, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டுச் சூடாக்கி மூடுங்கள். சிலிகான் பூசுவதானால் வினிகர் வாசம் வரும் வகையைத் தவிர்த்துவிடுங்கள். காயும்போது அது வெளிவிடும் அமிலமே செம்பை அரிக்கும். பெட்டிக்குள் நுழையும் வயர்கள் ஒருமுறை கீழே தொங்கி வளைந்து, பிறகு மேலேறி நுழையட்டும். வயரில் வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். பெட்டியின் அடியில் ஒரு சிறு துளையும் வேண்டும், உள்ளே வியர்க்கும் நீர் வடிய. அந்தத் துளையில் கொசுவலைத் துண்டு ஒட்டுங்கள்; இல்லாவிட்டால் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் இளஞ்சூட்டைத் தேடி வரும் பல்லி இரண்டு முனைகளுக்குக் குறுக்கே படுத்துத் தன்னையும் அதையும் சேர்த்தே முடித்துக்கொள்ளும்.

மாமா, குடிலின் இரும்புச் சட்டத்தைத் தொட்டால் லேசாகச் சுறீர் என்கிறது. 12 வோல்ட் மட்டும்தான் போகிறது.

முதலில் மெயினை அணையுங்கள், பிறகு பேசலாம். பெரும்பாலும் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் எர்த் முனையில் வயரே இணைக்கப்பட்டிருக்காது. மழைப் பதிலில் சொன்ன அந்த வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள், எர்த் இல்லாதபோது, எஸ்.எம்.பி.எஸ்.ஸின் உலோகக் கூட்டை 230இல் ஏறத்தாழப் பாதி வோல்ட்டுக்கு மிதக்கவிடும். மின்சாரம் மிகக் குறைவு என்பதால் சுறீர் என்பதோடு நிற்கிறது.

ஆனால் இது அந்தத் தீங்கில்லாச் சுறீரா, ஃபேஸ் வயர் சட்டத்தில் உரசுவதன் தொடக்கமா என்பதை விரலால் பிரித்தறிய முடியாது. இரண்டு முள் பிளக்கை மூன்று முள்ளாக மாற்றி, எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கும் இரும்புச் சட்டத்துக்கும் எர்த் கொடுக்கச் செய்து, மின்பணியாளர் அளந்து பார்த்த பிறகே மறுபடி எரியவிட வேண்டும்.

எஸ்.எம்.பி.எஸ். புதிது. போட்டவுடன் டப் என்று வெடித்தது. போலியா?

பக்கவாட்டுத் துளைக்குள் ஒரு சிறு சிவப்பு ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். அது 115இல் இருந்திருக்கும். அந்த நிலையில் 230 வோல்ட் கொடுத்தால் உள்ளிருக்கும் கெப்பாசிட்டர்கள் இரட்டிப்பு வோல்ட்டைத் தாங்காமல் வெடிக்கும். பிளக்கை மாட்டுவதற்கு முன்பே அதை 230 பக்கம் தள்ளியிருக்க வேண்டும்.

சாதாரண எல்.இ.டி. சீரியலை எஸ்.எஸ்.ஆர். வழியாகக் கணினியால் இயக்குகிறேன். அணைத்தாலும் மங்கலாக எரிந்துகொண்டே இருக்கிறது.

எஸ்.எஸ்.ஆர். என்பது கன்ட்ரோலர் சொல்லும்போது விளக்கைப் போட்டு அணைக்கும் மின்னணு ஸ்விட்ச். இயந்திர ஸ்விட்சைப்போல அது முழுதாகத் துண்டிப்பதில்லை. அணைந்த நிலையிலும் சில மில்லிஆம்பியர் கசியும். பழைய குண்டு பல்புக்கு அது உறைக்காது, எல்.இ.டி.க்கு அதுவே போதும். அதே சேனலில், சீரியலுக்கு இணையாக ஒரு ஜீரோ வாட் பல்பைப் போடும்படி மின்பணியாளரிடம் சொல்லுங்கள். பெயர்தான் ஜீரோ; 15 வாட் வரை இழுக்கும் அந்தப் பல்பு கசிவைத் தானே குடித்துவிடும். அது 230 வோல்ட் பக்கம் என்பதால் மழை படாத, மூடிய இடத்தில் இருக்கட்டும்.

மங்கலாக இல்லாமல் முழுவதும் எரிந்தபடியே இருந்தால் எஸ்.எஸ்.ஆர். ஷார்ட் ஆகிவிட்டது, அது போகும்போது பெரும்பாலும் அப்படித்தான் போகும். இடமாற்றச் சோதனை உடனே காட்டிக்கொடுக்கும். புதியது வாங்கும்போது ஏ.சி. வகையா டி.சி. வகையா என்று பார்த்து வாங்குங்கள்: ஏ.சி. வகை எஸ்.எஸ்.ஆரை 12 வோல்ட் டி.சி. விளக்குக்குப் போட்டால் ஒருமுறை எரிந்த விளக்கு அணையவே அணையாது.

கரண்ட் போனதும் ஜெனரேட்டருக்கு மாற்றினோம். விளக்கு எரிகிறது. ஆனால் ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனைத் தவிர வேறெதற்கும் அது விழவில்லை. பாதுகாப்பானதா?

பாதுகாப்பானதென்று சொல்ல முடியாது, கேட்டவர் கவனமானவர். டெஸ்ட் பட்டன் ஆர்.சி.சி.பி.க்குள்ளேயே ஒரு வித்தியாசத்தை உருவாக்கிக்கொள்வதால் எங்கும் வேலை செய்யும். சிறு ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரல் பூமியோடு இணைக்கப்படாமல் மிதக்கிறது. பூமிக்குக் கசியும் மின்சாரம் திரும்பி வர வழியில்லாததால் முதல் பழுதில் ஆர்.சி.சி.பி. விழாது, அந்தப் பழுது தெரியாமலே இருக்க, இரண்டாவது பழுதில் ஒருவர் கை வைத்துவிடுவார். நியூட்ரலை எர்த் கம்பியோடு ஜெனரேட்டரிடத்தில் இணைப்பதும், மின்துறை இணைப்பு, ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் இணைக்கும் சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் அமைப்பதும் மின்பணியாளரின் வேலை. ஜெனரேட்டரின் வயரை வீட்டுப் பிளக்கில் செருகி மின்சாரம் ஏற்றுவது கொலைக்குச் சமம். அது தெருக் கம்பிக்குத் திரும்பி ஏறும், கம்பத்தில் மின்துறை ஊழியர் இருப்பார்.

ஒரு பக்கத்து விளக்கு திடீரென்று பளீரென எரிகிறது, மறுபக்கம் மங்குகிறது. பாட்டுக்கு அப்படி அமைக்கவில்லை.

மூன்று ஃபேஸ் இணைப்புள்ள இடமென்றால், இதுவரை சொன்ன எந்தச் சோதனையையும் செய்யாதீர்கள். மெயினை அணைத்துவிட்டு மின்துறைக்குச் சொல்லுங்கள். நியூட்ரல் எங்கோ அறுந்திருக்கிறது. அப்போது சுமை குறைந்த ஃபேஸில் வோல்ட் 300ஐத் தாண்டக்கூடும், சுமை அதிகமுள்ளதில் சரியும். விளக்கு மட்டுமல்ல, அந்த வளாகத்து ஒலிபெருக்கி, மின்விசிறி, குளிர்பெட்டி எல்லாம் சில நிமிடங்களில் கருகலாம்.

புயல் எச்சரிக்கை வந்தால் மூடி வைத்தால் போதுமா, கழற்றித்தான் ஆக வேண்டுமா?

கழற்றுங்கள். தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது 2011 டிசம்பர் 30 அன்று, விளக்குகள் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்த வாரத்தில். ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 அன்று, கட்டத் தொடங்குவதற்குச் சற்று முன் வந்து, புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. எந்தப் பெட்டியும் அதைத் தாங்காது. நேரமில்லையென்றால் எஸ்.எம்.பி.எஸ்.களையும் கன்ட்ரோலரையும் மட்டும் கழற்றி உள்ளே வையுங்கள், பிக்சல்கள் தப்பிப்பிழைக்கும். வெள்ளத்தில் மூழ்கிய எஸ்.எம்.பி.எஸ்.ஸை வெயிலில் காயவைத்து மறுபடி போடாதீர்கள்; நீர் போனாலும் உப்பும் சேறும் உள்ளேயே இருக்கும்.

இன்னும் ஒரு மணிநேரத்தில் நள்ளிரவுத் திருப்பலி. பழுது எங்கே என்றே தெரியவில்லை. இப்போது என்ன செய்வது?

ஆர்.சி.சி.பி. விழுவது, சுறீர் என்பது, சூடு, புகை, நியூட்ரல் கோளாறு ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் அந்தப் பகுதியை முழுவதும் அணைத்துவிட்டு, வைக்கோலுக்கு எட்டாத தூரத்தில் மெழுகுவர்த்தி ஏற்றுங்கள். குடிலுக்கு அது ஒன்றும் குறைவல்ல.

நிறம் மாறுவதும் கடைசி விளக்குகள் துடிப்பதும் மட்டும்தான் பிரச்சினை என்றால், கன்ட்ரோலரில் மொத்த வெளிச்சத்தை 30 விழுக்காடாகக் குறையுங்கள். ஓடும் மின்சாரமும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குறையும். வயரில் விழும் 1.17 வோல்ட் இழப்பு 0.35க்கு இறங்கும், வெள்ளை வெள்ளையாகவே நிற்கும். இருட்டில் நிற்பவர்களுக்கு வெளிச்சம் குறைந்ததே தெரியாது. ஒரு தொடர் மட்டும் அடங்காமல் துடித்தால் அதன் ஃப்யூஸைப் பிடுங்கிவிடுங்கள். மீதியைத் திருப்பலி முடிந்து, எல்லோரும் கேக் சாப்பிடப் போன பிறகு, மீட்டரோடு போய்ப் பாருங்கள்.